வீட்டு வாசலுக்கே வந்த ஃப்ளூ தடுப்பூசி: எங்கள் குடியிருப்பில் நடந்த முகாமைப் பற்றி

மேடவாக்கத்தில் 64 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், கடந்த செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடத்தினோம். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் நேரில் வந்து ஊசி போடும் தனியார் சேவை ஒன்றை அதற்காக அழைத்திருந்தோம். ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர்கள், பதிவு செய்ய ஓர் இளைஞர் என நான்கு பேர் வந்தார்கள். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை 83 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஏற்பாட்டைக் கவனித்த மூவரில் நானும் ஒருத்தி என்பதால், நாள் முழுவதும் அந்தக் கூடத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. நான் பார்த்தது ஒரே குழுவின் ஒரு நாள் வேலையைத்தான் என்பதாலும், குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதாலும் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இத்தகைய சேவைகள் சென்னையில் பல இருக்கின்றன. யாரை அழைத்தாலும் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய இவையாகவே இருக்கும்.

இந்த முகாமுக்காக நான் வீடு வீடாகப் போய்ப் பேசியதற்குச் சொந்தக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய நவம்பரில், முதல் வகுப்பில் படிக்கும் என் மகன் வெள்ளிக்கிழமை மாலை பள்ளியிலிருந்து நன்றாகத்தான் வந்தான். வழக்கம்போல் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். மறுநாள் காலையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. திங்கட்கிழமை இரவு 79 வயதான என் அப்பாவுக்குக் கண்டது. மகன் நான்கு நாளில் எழுந்து விளையாடப் போய்விட்டான். சர்க்கரை நோயும் ஆஸ்துமாவும் உள்ள அப்பா ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார்; அதில் மூன்று நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். காய்ச்சல் தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே ஃப்ளூ வைரஸ் மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும் என்பதும், தொற்றியதிலிருந்து நோய் வெளிப்பட ஒன்று முதல் நான்கு நாள் வரை ஆகும் என்பதும் அந்த மருத்துவமனை நடைபாதையில்தான் எனக்குத் தெரிய வந்தது. இருமுகிறவரிடமிருந்து விலகியிருந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். மடியில் உட்கார்ந்த வெள்ளிக்கிழமை அவன் ஒரு முறைகூட இருமவில்லை.

அப்பாவுக்கு அதற்கு முன்பே ஃப்ளூ ஊசி போட்டிருந்தோம் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் போட்டுக்கொண்டோம். அங்கே ஊசி மருந்து, குளிர்பானப் புட்டிகளும் யாரோ ஒருவரின் மதிய உணவு டப்பாவும் இருந்த சிறிய குளிர்சாதனப் பெட்டியின் கதவு அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்த பிறகு மருத்துவர் வரும்வரை முக்கால் மணி நேரம் மேசை மேல் கிடந்தது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "ஒன்றும் ஆகாது" என்பதே பதிலாக வந்தது. அந்த ஊசி வேலை செய்யாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. வைரஸ் வகைகளோடு பொருந்தி அமையும் ஆண்டுகளில்கூட ஃப்ளூ தடுப்பூசி நோயை 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கிறது, முதியவர்களிடம் அதன் பயன் இன்னும் குறைவாக இருக்கலாம். ஆனால், ஊசி மருந்து எங்கே இருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று கேட்காமல் இனி யாருக்கும் கையை நீட்டச் சொல்லக்கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

அதனால், முகாம் நடந்த அன்று காலை குழுவினர் வண்டியிலிருந்து இறங்கியதும் நான் முதலில் பார்க்கக் கேட்டது அந்தக் குளிர்பெட்டியைத்தான். மூத்த செவிலியர் சிறிதும் முகம் சுளிக்காமல் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஊசி மருந்துகளுக்கு நடுவே ஒரு சிறிய வெப்பமானி இருந்தது; 4.6 டிகிரி காட்டியது. இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள். அதன் பிறகு அவர் செய்த ஒரு வேலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மாற்றுவதற்காகத் தனியாகக் கொண்டுவந்திருந்த பனிக்கட்டிப் பைகளை உடனே பெட்டிக்குள் வைக்காமல் மேசையில் பரப்பி வைத்தார். அவற்றின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்த பனி கரைந்து வியர்க்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே நீர் தளும்பும் ஓசை கேட்ட பையை மட்டும் பெட்டியில் வைத்தார். கல்லாக உறைந்த பையை அப்படியே மருந்தை ஒட்டி வைத்தால் மருந்தும் உறைந்துவிடும். உறைந்த ஃப்ளூ தடுப்பூசி மீண்டும் உருகினாலும் பயன்படாது, பார்த்துக் கண்டுபிடிக்கவும் இயலாது என்று விளக்கினார். வெப்பம் மருந்தைக் கெடுக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அளவு மீறிய குளிரும் கெடுக்கும் என்பது எங்கள் குடியிருப்பில் எனக்கு மட்டுமல்ல, கூடியிருந்த பலருக்கும் புதிய செய்தி. இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான்.

ஊசி போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் மருத்துவர் உட்கார்ந்து பேசினார். இன்று காய்ச்சல் இருக்கிறதா, முன்பு எந்தத் தடுப்பூசிக்காவது கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதா, கை கால் தளர்ந்துபோகும் கில்லன் பாரே நோய் எப்போதாவது வந்ததா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முதல் மாடியில் இருக்கும் பாட்டி ஒருவர், ஊசி போட்டால் அதுவே ஃப்ளூவைக் கொண்டுவந்துவிடும் என்று பயந்து மூன்று முறை வரிசையை விட்டு எழுந்து போனார். "பாட்டி, இதில் இருப்பது உயிரோடு இருக்கும் கிருமி இல்லை. உடம்புக்கு அடையாளம் காட்டுவதற்காக அதன் துணுக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு கணகணவென்று இருக்கலாம். ஃப்ளூ வராது" என்று அந்த மருத்துவர் மூன்றாம் முறையும் முதல் முறை போலவே பொறுமையாகச் சொன்னார். பாட்டி போட்டுக்கொண்டார். கூட்டம் நெருக்கும் வேளையில் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணம் தவறு என்று நிரூபித்ததற்காக அவருக்கு என் நன்றி.

ஊசி மருந்தின் பெட்டியையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உருமாறுவதால், எந்த வகைகளைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை பரிந்துரைக்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். பெட்டியில் எந்த அரைக்கோளம், எந்த ஆண்டு என்று அச்சிட்டிருப்பார்கள். எங்களுக்குக் கொண்டுவந்தது அந்த ஆண்டுக்கான மருந்துதான். காலாவதித் தேதிக்கும் பல மாதங்கள் இருந்தன. செப்டம்பரில் முகாமை வைத்ததும் யோசித்துச் செய்ததே. இந்தியாவின் பல நகரங்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ உச்சத்துக்குப் போகிறது. நம் சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் அது அதிகம். ஊசி போட்ட பின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மழை தொடங்கி வீட்டுக்கு ஒருவர் இருமத் தொடங்கிய பிறகு அழைப்பதைவிட இதுவே சரியான வேளை என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார்.

விலையைப் பற்றி ஒரு குறை உண்டு. ஓர் ஊசிக்கு 1,950 ரூபாய் வாங்கினார்கள். நான்கு வகை வைரஸுக்கு எதிரானது என்பதை விலைக்குக் காரணமாகச் சொன்னார்கள். அந்த நான்கில் ஒன்றான பி யமகாட்டா வகை 2020 மார்ச் மாதத்துக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதிப்படுத்தப்பட்ட நோயாகப் பதிவாகவில்லை. கோவிட் காலத்து முகக்கவசமும் ஊரடங்கும் அதன் சங்கிலியை அறுத்துவிட்டதாகவே கருதப்படுகிறது. அதைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டிய தேவை இனி இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் கூறிவிட்டது. நான்கு வகை மருந்தைப் போட்டுக்கொள்வதால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கூடுதல் சிறப்பு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பது சரியாகாது.

இதைவிடப் பெரிய குறை, பதிவு மேசையில் எல்லோருக்கும் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இருந்தது. "பெருந்தொற்றுக் காய்ச்சலிலிருந்து முழுப் பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இது உண்மைக்குப் புறம்பானது. அன்றே மருத்துவரிடம் சொன்னேன், பிறகு நிறுவனத்துக்கும் எழுதினேன். ஆண்டுதோறும் வரும் ஃப்ளூவும் பெருந்தொற்றாக வரும் ஃப்ளூவும் ஒரே குடும்பம்தான் என்றாலும், வருகிற விதம் வேறு. வழக்கமான ஃப்ளூவில் வைரஸின் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது; நம் உடலுக்கு அதன் பழைய அடையாளம் ஓரளவு நினைவிருக்கும். பெருந்தொற்றில், பறவையிடமோ பன்றியிடமோ இருந்த வைரஸும் மனித வைரஸும் ஒரே உயிரணுவுக்குள் சந்தித்து மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு, பெரும்பாலான மனிதரின் உடல் அதுவரை அறியாத புது மேற்பரப்போடு வெளியே வருகின்றன. 1957-இலும் 1968-இலும் பறவை வைரஸின் துண்டுகள் அப்படி மனித வைரஸில் சேர்ந்தன. 2009-இல் பன்றிகளிடையே பல காலமாகக் கலந்து வந்த வைரஸ் மனிதரிடம் தாவியது. அந்த நாளில் கையில் இருக்கும் பருவகால ஊசி புது வைரஸை அடையாளம் காணாது.

2009-ஐ எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அந்த ஆண்டு ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புது எச்1என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. மே மாதத்தில் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் நோயாளி உறுதியானார். ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் புனேயில் ஒரு பள்ளி மாணவி இறந்தார். அதுவே நாட்டின் முதல் இறப்பு. அமெரிக்காவில் அந்த வைரஸுக்கான தடுப்பூசி அக்டோபரில்தான் போடத் தொடங்கினார்கள். இந்தியாவிலேயே தயாரான ஊசி 2010-ஆம் ஆண்டின் நடுவில்தான் கிடைத்தது. அதாவது, முதல் நோயாளிக்கும் முதல் உள்நாட்டு ஊசிக்கும் நடுவே நமக்கு ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைக் கடக்க உதவியவை முகக்கவசமும், கை கழுவுதலும், காய்ச்சல் வந்தவர் வீட்டிலேயே இருந்ததும், முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரின் சீட்டோடு தொடங்கிய ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும்தான். முழுப் பாதுகாப்பு என்று நம்பி வீட்டுக்குப் போகிறவர், அடுத்த பெருந்தொற்று வரும்போது இவற்றைச் செய்யத் தயங்குவார் என்பதே என் கவலை.

அப்படியானால் இந்த ஊசி எதற்கு என்று குடியிருப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒவ்வோர் ஆண்டும் மருத்துவமனைக் கட்டில்களை நிரப்புகிற ஃப்ளூவைக் குறைக்கத்தான் முதலில் அது வேண்டும். 2009-இல் புதிதாக வந்த எச்1என்1 வைரஸின் வழித்தோன்றல்தான் இன்று பருவகால வைரஸாகச் சுற்றுகிறது. அதற்கு எதிரான பகுதி ஆண்டுதோறும் இந்த ஊசியில் இருக்கிறது. மேலும், ஆண்டுதோறும் ஊசி தயாரிக்கும் தொழிற்சாலையும், அதைக் குளிர் விடாமல் கொண்டுசேர்க்கும் வழியும், போடத் தெரிந்த கைகளும் இருந்தால்தான் புது வைரஸுக்கான ஊசியையும் விரைவாகக் கொண்டுவர முடியும். மருத்துவர் இதைத் தமிழில் இருபது நிமிடம் நிதானமாக விளக்கினார். பிரசுரத்தை எழுதியவர் அவரிடம் ஒரு முறை காட்டியிருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது.

அவர் பேசியதில் எங்கள் ஊரைப் பற்றிய ஒரு பகுதி என் அப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1957 மே மாதம் ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூ பெருந்தொற்று இந்தியாவுக்குள் நுழைந்தது சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழியாகத்தான். அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் 44 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். அப்போது அப்பாவுக்கு 11 வயது. ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். "வீட்டில் ஐந்து பேரும் ஒரே வாரத்தில் படுத்தோம். கஞ்சி வைக்கக்கூட ஆள் இல்லை. எதிர் வீட்டு அத்தை வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுவார்" என்று அவர் கூடத்தில் எழுந்து சொன்னார். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. எதிர் வீட்டு அத்தை அன்று தெரிந்தோ தெரியாமலோ செய்தது, நோயாளியின் மூச்சுக்காற்றைத் தவிர்த்தபடி உதவி செய்யும் முறைதான் என்று மருத்துவர் சொன்னபோது கூடத்தில் இருந்த குழந்தைகள்கூட அமைதியாகக் கேட்டார்கள்.

இவ்வளவு தெளிவாகப் பேசிய குழு, தாங்கள் உட்கார்ந்திருந்த கூடத்தைக் கவனிக்கத் தவறியது வருத்தத்துக்குரியது. பகல் 12 மணிக்கு மேல் வெயில் ஏறியதும் ஜன்னல்களை மூடி ஏசியைப் போட்டுவிட்டார்கள். நாற்பது பேருக்கு மேல் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இருவர் இருமிக்கொண்டிருந்தார்கள். பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்ணிய துளிகள் காற்றோட்டம் இல்லாத அறையில் தங்கி நிற்கும். நான் சொன்ன பிறகு ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறிகளைப் போட்டு, காத்திருப்பவர்களை வெளியே வேப்ப மரத்தடிக்கு அனுப்பினார்கள். நேரம் குறித்த சீட்டுகளை முன்கூட்டியே கொடுத்திருந்தால் கூட்டமே சேர்ந்திருக்காது. இருமியவர்களை வாசலிலேயே கேட்டு, முகக்கவசம் கொடுத்து, வேறொரு நாள் வரச் சொல்லியிருக்க வேண்டும்.

ஊசியோடு கொடுத்த பையில் இரண்டு என்95 முகக்கவசங்களும் 100 மில்லி கைச் சுத்திகரிப்பானும் இருந்தன. சுத்திகரிப்பானில் 70 சதவீதம் ஆல்கஹால் என்று அச்சிட்டிருந்தது. 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும், எனவே நல்லதே. முகக்கவசம் காதில் மாட்டும் வகை. தலையைச் சுற்றிக் கட்டும் வகை அளவுக்கு இது முகத்தோடு ஒட்டி நிற்பதில்லை; அப்பாவின் ஒடுங்கிய கன்னத்தில் இரண்டு பக்கமும் இடைவெளி விழுந்தது. மூக்கின் மேல் உள்ள கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி, வேகமாக மூச்சை விட்டு, கன்னத்தோரம் காற்று கசிகிறதா என்று பார்க்கும் முறையை இளைய செவிலியர் ஒவ்வொருவருக்கும் செய்துகாட்டினார். கவசத்தின் தரத்தைவிட அந்தச் செய்முறைதான் எங்களுக்குப் பயன்பட்டது.

நான் மிகவும் மதிப்பது வேறொன்று. எங்கள் குடியிருப்பில் காவலாளிகள், தூய்மைப் பணியாளர்கள், பல வீடுகளில் சமைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வரும் பெண்கள் எனப் பதினான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு நாளில் ஐந்து வீட்டுக்குள் போய் வருகிற ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளம் பிடிக்கப்படும் என்று பயந்து அவர் வேலைக்கு வரத்தான் செய்வார். 1918-இல் ஃப்ளூ பெருந்தொற்று வந்தபோது பம்பாயில் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள் ஐரோப்பியர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். இந்தியா முழுவதும் குறைந்தது 1.2 கோடிப் பேரை அந்தக் காய்ச்சல் கொண்டுபோனது. இந்தப் பதினான்கு பேருக்கும் சங்கத்தின் நிதியிலிருந்து பணம் கட்டுகிறோம் என்று சொன்னதும், நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து மருந்தின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டது. ஊசிக்கு மறுநாள் உடம்பு வலித்தால் சம்பளத்தோடு விடுப்பு என்றும் சங்கத்தில் முடிவு செய்தோம். ஒருவர் எடுத்துக்கொண்டார்.

ஊசி போட்ட பின் எல்லோரையும் இருபது நிமிடம் உட்கார வைத்தார்கள்; ஒவ்வாமைக்கு வேண்டிய அட்ரினலின் மேசை மேல் தயாராக இருந்தது. எவருக்கும் தேவைப்படவில்லை. அப்பாவுக்கு அன்றிரவு லேசான காய்ச்சல் இருந்தது, காலையில் விட்டுவிட்டது. மூன்றாம் நாள் தொலைபேசியில் விசாரித்தார்கள். சான்றிதழ்கள் மட்டும் ஒழுங்காக வரவில்லை. 83-இல் பதினொன்றில் மருந்தின் பேட்ச் எண் இல்லை. நினைவூட்டி, நினைவூட்டி, பத்து நாள் கழித்துத்தான் திருத்தி வாங்கினோம். பின்னால் ஏதேனும் பிரச்சினை என்றால் தேட வேண்டிய முதல் தகவல் அதுதான் என்பதால் இதைச் சிறிய பிழையாக விட மனம் வரவில்லை.

இன்னொரு சிரமம் குழந்தைகளுக்கு. ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை உள்ள குழந்தைக்கு முதன்முறையாக ஃப்ளூ ஊசி போடும்போது, நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் வேண்டும். இதை முன்பதிவின்போதே அவர்கள் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்பில் இரண்டாவது ஊசி வேண்டியவர்கள் ஏழு குழந்தைகள்தான் என்பதால் மீண்டும் வர முடியாது, இருபத்தைந்து பேராவது வேண்டும் என்றார்கள். ஏழு குழந்தைகளையும் அவர்களுடைய வேளச்சேரி மையத்துக்கு நாங்களே அழைத்துப் போனோம். முன்பதிவு செய்கிறவர்கள் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுவது நல்லது.

அடுத்த செப்டம்பரிலும் இவர்களையே அழைப்பதாகச் சங்கத்தில் முடிவாகியிருக்கிறது; நேரச் சீட்டு, திறந்த ஜன்னல், அன்றே பேட்ச் எண்ணோடு சான்றிதழ், குழந்தைகளின் இரண்டாவது ஊசிக்கு இன்னொரு நாள், திருத்திய பிரசுரம் என்ற ஐந்தையும் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பிரசுரத்தின் வரியை மாற்றுவதாகப் பதில் வந்திருக்கிறது. மற்றவற்றுக்கு இன்னும் வரவில்லை. வேளச்சேரி மையத்தில் மகனுக்கு ஊசி போடும் முன் அங்கிருந்த குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் உள்ளே இருந்த வெப்பநிலை, பார்த்தவரின் கையெழுத்தோடு, பேனாவால் எழுதப்பட்டிருந்தது. அன்று காலைக்கான கட்டத்தில் 4.2 என்று இருந்தது. உள்ளே மருந்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.